மூன்றாவது தாள்

“உன் பேரத் தப்பில்லாம எழுத வருமா?”

தபால் நிலையத்தின் கம்பிச் சாளரத்துக்குப் பின்னாலிருந்து மிஸ் ஆர்டீலியா டன்ஸ்டல் என்னிடம் இப்படிக் கேட்டது மே மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை. எங்கள் பெயருக்கு வந்திருந்த விதைப் பட்டியலை வாங்கப் போயிருந்தேன். எனக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்வார்கள் என்ற பயத்திலேயே பள்ளிக்குப் போவதை விட்டேன். அது ஊருக்கே தெரியும். அதனால் கேலி செய்கிறார் என்று நினைத்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லு பொண்ணே. கோவேறு கழுதைகூட கனைச்சுப் பதில் சொல்லுது.”

“வரும்.”

“அது போதும். வர்ற செவ்வாக்கிழமை தேர்தலுக்கு நம்ம பெட்டியில ஓட்டு எண்ணும்போது நீதான் கோடு போடுற. உங்கப்பன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.”

ஓட்டுப் போடும் வயதே எனக்கு வந்திருக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் சோள ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் கை நின்றது.

“வேற ஆளே கெடைக்கலியா அவளுக்கு?”

“என் கையெழுத்து நல்லா இருக்கும்னு யாரோ சொல்லியிருப்பாங்க.”

“உன் கையெழுத்த யாரு பாத்திருக்கா?”

அது உண்மைதான். நான் எழுதுவதெல்லாம் மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் இருக்கும் நோட்டுகளில்தான். அவற்றை அப்பாகூடப் பார்த்ததில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், மீதி ரொட்டியைத் தொடவில்லை.

“போ. எண்ணு. வீட்டுக்கு வா. எண்ணினத அங்கேயே மறந்துட்டு வா,” என்றார்.

எங்கள் டாலிவர் மாவட்டத்தில் ஒரே கட்சிதான். கோடையில் அந்தக் கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் ஜெயித்தவன் நவம்பரிலும் ஜெயிப்பான். சீட்டில் ஏழு வரிகள் இருக்கும். முதல் வரி ஆளுநர், கடைசி வரி அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். எங்கள் ஊர்க்காரர்கள் ஆளுநருக்குக் குத்துவார்கள், ஷெரிஃப்புக்குக் குத்துவார்கள், அதற்குள் வெயில் ஏறிவிடும், மடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கறுப்பின மக்களை முதல் வரிக்கே விடுவதில்லை.

ஆனால் எங்கள் மாவட்டத்தை ஆண்டவர்களுக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் கவலை. மாவட்டப் போலீஸை நடத்தும் ஷெரிஃப் அவர்களுடைய ஆள். நீதிபதியும் அவர்களுடைய ஆள். தலைமை வழக்கறிஞர் ஒருவர்தான் ஷெரிஃப்பைக் கேட்காமலே தலைநகரிலிருந்து ஆளனுப்பக்கூடியவர். எங்கள் ஊரில் ஒவ்வொரு கடையின் பின்னறையிலும் சட்டம் தடை செய்திருந்த, காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கும் சூதாட்ட இயந்திரம் இருந்தது. பெட்ரோல் பங்கில் இரண்டு, சவரக் கடையில் ஒன்று, சவப்பெட்டி செய்யும் கடையில்கூட ஒன்று. அந்த வருடம் எமரி லாஸ்டர் என்ற வக்கீல், தான் ஜெயித்தால் முதல் நாளே டாலிவர் மாவட்டத்துக்குக் கோடரியோடு வருவதாக வானொலியில் சொன்னார். அவரை எதிர்த்து நின்ற டால்பட் க்ரீர், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதனதன் பழக்கம் உண்டு என்று சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தீவனக் கடையில் வாக்குப்பதிவு. நண்பகலில் கூட்டம் குறைந்ததும், பெட்டிக்குப் பொறுப்பான மிஸ் ஆர்டீலியா மூன்று தாள்களை என் முன்னால் வைத்தார். கோடு போடும் தாள்கள். கட்டங்கள் எல்லாம் காலி.

“அடியில கையெழுத்துப் போடு. மூணுலயும்.”

“இன்னும் எண்ணவே இல்லியே?”

“இங்க மொதல்ல கையெழுத்து, அப்புறம்தான் எண்ணிக்கை. எண்ணி முடிச்ச களைப்புல யாரு உக்காந்து கையெழுத்துப் போடுறது? ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு கதவுல மாட்ட, ஒண்ணு மை கொட்டிட்டா இருக்கட்டும்னு.”

வாசலருகே தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார் துணை ஷெரிஃப் ராய்ஸ் பிக்ஃபோர்ட். “போடு பாப்பா. காலங்காலமா இப்படித்தான்,” என்றார். போட்டேன். வில்லோடீன் ஸ்பைவி. வில்லோடீன் ஸ்பைவி. வில்லோடீன் ஸ்பைவி. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என் பெயரை அரசாங்கத் தாளில் நான் எழுதியது அதுவே முதல் முறை.

ஆறு மணிக்கு எண்ணத் தொடங்கினோம். மிஸ் ஆர்டீலியா ஒவ்வொரு சீட்டாக விரித்துப் பெயரைச் சொல்வார். நான் கோடு போடுவேன். நான்கு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, “அஞ்சு!” என்று உரக்கச் சொல்ல வேண்டும். எனக்குக் குரல் எழவில்லை. அதனால் விரல் முட்டியால் மேசையைத் தட்டினேன்.

“இவ என்ன, பேய் மாதிரித் தட்டுறா?” என்றார் ராய்ஸ்.

“தட்டட்டும் விடு. நீ கடலை மெல்லுற சத்தத்துக்கு இது தேவல,” என்றார் மிஸ் ஆர்டீலியா.

ஒரு சீட்டில் யாரோ தலைமை வழக்கறிஞர் வரியில் தன் கோவேறு கழுதையின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். மிஸ் ஆர்டீலியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டாலி. நம்ம ஊரு வேட்டோட கழுதை. க்ரீரைவிட மேல்தான்.” அந்தச் சீட்டையும் வெற்றுச் சீட்டோடு சேர்த்தோம். வெற்றுச் சீட்டுக்குத் தாளில் கட்டம் கிடையாது. நானாக ஓரத்தில் அவற்றுக்கும் கோடு போட்டேன்.

முடிவில் லாஸ்டருக்கு நூற்று நாற்பத்தெட்டு. க்ரீருக்கு ஐம்பத்திரண்டு. வெற்று முப்பத்தொன்று. மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று. தொகையைப் படித்ததும் மிஸ் ஆர்டீலியாவின் சிரிப்பு போய்விட்டது. அவர் ராய்ஸைப் பார்த்தார். ராய்ஸ் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“நல்லா எண்ணியிருக்கீங்க. பெட்டிய நானே கொண்டு போறேன்,” என்றார்.

ஒரு தாள் பெட்டியோடு போனது. ஒன்றைக் கதவில் ஆணியடித்து மாட்டினோம். மூன்றாவதைப் பற்றி எனக்கு அப்போது நினைவே வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். டாலியையும் எழுதினேன். மறக்கச் சொன்னார் அப்பா. எழுதினால்தான் எனக்கு மறக்க முடியும்.

மறுநாள் காலை சமையல் சோடா வாங்கப் போனபோது தீவனக் கடைக் கதவில் நான்கு ஆணிகள்தான் இருந்தன.

வியாழக்கிழமை வானொலியில் சொன்னார்கள். மாநிலம் முழுவதும் எண்ணி முடித்ததில் க்ரீர் நூற்று அறுபத்து மூன்று வாக்கில் முன்னால். கடைசியாக வந்தது பியூலா ஸ்பிரிங்ஸ் பெட்டி. எங்கள் பெட்டி. அப்பா வானொலியை அணைத்தார்.

அப்பாவுக்குக் கோர்ட்டில் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருக்கும்போது கட்டடம் முழுவதையும் கூட்டித் துடைப்பார். அந்த ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன். என் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அப்பா மாடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது பதிவேட்டு அறைக்குள் போனேன். தேர்தல் தாள்களைத் தைத்து வைத்திருந்த பெரிய புத்தகம் மேசைமேலேயே இருந்தது.

என் கையெழுத்து இருந்தது. ஆனால் மேலே இருந்த கோடுகள் என்னுடையவை அல்ல. என் கோடுகள் குடித்தவன் நட்ட வேலி மாதிரி இருக்கும். இவை அளவுகோல் வைத்துப் போட்டவை. லாஸ்டர் அறுபத்தொன்று, க்ரீர் நூற்று எழுபது. ஓரத்தில் எதுவும் இல்லை. கூட்டிப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தொன்று. வந்த இருநூற்று முப்பத்தொரு பேரும் கடைசி வரிவரை போய்க் குத்தியிருந்தார்கள். கழுதைக்காரர் உட்பட.

இதைச் செய்தவன் வாழ்நாளில் ஒரு பெட்டியைக்கூட உட்கார்ந்து எண்ணியதில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

புத்தகத்தை அப்போதே மூடியிருந்தால் அதோடு போயிருக்கும். பின்பக்கமாகப் புரட்டினேன். நான்கு வருடத்துக்கு ஒரு முறை தலைமை வழக்கறிஞர் தேர்தல். மற்ற ஊர்ப் பெட்டிகளில் கோடு போட்டவர் பெயர் மாறவே இல்லை. ஒருவரே கிழடாகும்வரை போட்டிருந்தார். எங்கள் பெட்டியில் மட்டும் ஒவ்வொரு முறையும் புதுப் பெயர். ஹாய்ட் வெனபிள், வெஸ்டா ஹார்பின், லானி டிட்மோர், கிளியோ மேப்ரி. யாருடைய பெயரும் இரண்டாம் முறை வரவில்லை. எல்லாத் தாளிலும் அதே நேர்க்கோடுகள். எதிலும் ஒரு வெற்றுச் சீட்டுகூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடத் தாளின் அடியில் ஹோரஸ் ஸ்பைவி என்று இருந்தது. அப்பாவின் கையெழுத்து. இப்போது போடுவதைவிட அழகாக இருந்தது.

திரும்பும் வழியில், எங்கள் லாரி ஆற்றுப் பாலம் ஏறும்வரை காத்திருந்து கேட்டேன்.

“அப்பா, கிளியோ மேப்ரி யாரு?”

அப்பா சாலையையே பார்த்தார். “டெக்சஸ் போனான். போயிக் கடுதாசி போடல.”

“வெஸ்டா ஹார்பின்?”

“வீடு தீப்பிடிச்சுது. அப்புறம் அக்கா வீட்டோட போயிட்டா.”

“லானி டிட்மோர்?”

“இதே ஆத்துலதான். மீன் பிடிக்கப் போயி முழுகிட்டான்னு பேப்பர்ல போட்டாங்க. அவன்கிட்ட தூண்டிலே கெடையாதும்மா.”

“நீங்க?”

அவர் பாலத்தைக் கடந்து கியரை மாற்றினார்.

“எனக்குத் தொடப்பம் குடுத்தாங்க,” என்றார். “நான் வாயத் தொறக்கல, அதனால. நீ அப்ப பொறக்கவே இல்ல. உங்கம்மா என்னக் கட்டிக்கவே யோசிச்சுட்டிருந்தா. கோர்ட்டு வேலைன்னதும் சரின்னா. இருபது வருசம் கூட்டியிருக்கேன். அந்த ரூமை மட்டும் கூட்டும்போது மேசைப் பக்கம் பாக்க மாட்டேன்.”

“அப்ப லாஸ்டர் மாதிரி யாரோ தோத்தாங்களா?”

“ஒவ்வொரு வாட்டியும் யாரோ ஒருத்தன் லாஸ்டர் மாதிரிதான். நீ பேசாத பொண்ணு. அதனாலதான் உன்னக் கூப்பிட்டா. அப்படியே இருந்துடு, வில்லா. ஒனக்கு அது கஷ்டமே இல்ல.”

செவ்வாய்க்கிழமை காலையில் ராய்ஸ் பிக்ஃபோர்ட் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கூடை பீச் பழம். நான் தாழ்வாரத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“என்ன ஹோரஸு, பொண்ணு சமைக்கிறாளா, இல்ல மேசையத் தட்டிக்கிட்டே இருக்காளா?”

“உக்காருங்க மிஸ்டர் ராய்ஸ்.”

“உக்கார நேரமில்லப்பா. தலைநகர்லேருந்து ஒரு வக்கீல் வந்திருக்கான். கிம்ப்ரோன்னு பேரு. லாஸ்டரோட ஆள். வீடு வீடா ஏறி எறங்குறான். அவனுக்குக் கூட்டல் தெரியுமாம்.” ஒரு பழத்தைத் தானே எடுத்துக் கடித்தார். “ஆர்டீலியா நல்லாச் சொல்லி அனுப்பிட்டா. சீட்டப் படிச்சதுதான் அவளாம், எழுதினது அவ இல்லியாம். அப்ப அடுத்து அவன் எங்க வருவான்?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

“இவளுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார் அப்பா.

“தெரியாதுன்னுதான் நானும் சொல்றேன். அதுக்குத்தான் பழம்.” ராய்ஸ் கொட்டையை முற்றத்தில் துப்பினார். குரல் மாறவே இல்லை. “ஆனா பேச்சு வெளிய போச்சுன்னு வை. இந்த வீட்டுலேருந்து ஒரு ஆளு எங்ககூட வந்து அதுக்குப் பதில் சொல்லணும். ரெண்டு பேர்ல யாருன்னு நாங்க பிடிவாதம் பிடிக்க மாட்டோம். நீங்களே பேசி வச்சுக்கங்க.”

அவர் போன பிறகு அப்பா பழக் கூடையைப் பன்றிக்குக் கொட்டினார். பிறகு வேலைக்குப் போனார். அன்று இரண்டு முறை நோட்டை எடுத்து அடுப்பருகே கொண்டு போனேன். இரண்டு முறையும் திரும்ப வைத்துவிட்டேன். எரிப்பதற்கு அதில் எண்கள் மட்டுமா இருந்தன?

புதன்கிழமை பிற்பகல் கிம்ப்ரோ வந்தார். ஒல்லியான ஆள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேறு மாவட்டத்துப் பேச்சு. அவர் காருக்குப் பின்னாலேயே ராய்ஸின் கார் வந்து, சாலையோரத்து மரத்தடியில் நின்றது. இன்ஜினை நிறுத்தவில்லை. அப்பா அன்று வேலைக்குப் போகாமல் காலையிலிருந்தே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“நான் ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன்,” என்றார் கிம்ப்ரோ. பையிலிருந்து தாளை எடுத்து என் மடியில் வைத்தார். பதிவேட்டில் பார்த்த அதே தாளின் புகைப்பட நகல். “இது உன் கையெழுத்துதானேம்மா?”

தலையை ஆட்டினேன்.

“கட்சிக் கமிட்டிக்காரங்க என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. இருநூத்தி முப்பத்தொரு பேர் வந்தாங்க, இருநூத்தி முப்பத்தொரு பேரும் கடைசி வரி வரைக்கும் குத்தினாங்க. எங்க ஊர்ல பாதிரியார்கூட அவ்வளவு தூரம் போக மாட்டாரு. நெஜமாவே ஒரு வெறுஞ்சீட்டுகூட வரலியா?”

“அவ பேச மாட்டா சார்,” என்றார் அப்பா. “சின்ன வயசுலேருந்தே அப்படி. பள்ளிக்கூடமே அதுக்காகத்தான் நின்னுட்டா. யார வேணா கேட்டுப் பாருங்க.”

“நான் ஒரு எண்தான் கேக்கறேன். வேற ஒண்ணுமில்ல.”

“எண்ணினது மிஸ் ஆர்டீலியா.”

“எழுதினது உங்க பொண்ணுன்னு அந்தம்மா சொல்றாங்க.” அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “உள்ளத சொல்லிடறேன் மிஸ்டர் ஸ்பைவி. நாளைக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு முடிவுக்கு முத்திரை வச்சிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த ஆண்டவனே வந்து எண்ணினாலும் க்ரீர்தான். இந்த ஒரு பெட்டி திரும்புச்சுன்னா லாஸ்டர் ஜெயிச்சுட்டாரு. மத்தவங்ககிட்டல்லாம் கேட்டுட்டேன். இந்த வீடுதான் கடைசி.”

சாலையில் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அப்பாவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது. அதில் துடைப்பக் கட்டையால் வந்த காய்ப்பு என் சட்டை வழியாகத் தெரிந்தது.

கிம்ப்ரோ தாளை என் மடியிலிருந்து எடுத்து இரண்டாக மடித்தார். இன்னொரு முறை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொப்பியை வைத்துக்கொண்டு படியில் இறங்கினார். முதல் படி. இரண்டாவது படி. அவர் சட்டைப் பையில் என் பெயர் ஒரு பொய்க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நான்கு வருடம் கழித்து யாராவது ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தைப் புரட்டுவாள், வில்லோடீன் ஸ்பைவி யார் என்று அவள் அப்பாவைக் கேட்பாள்.

“நூத்தி நாப்பத்தெட்டு,” என்றேன்.

கிம்ப்ரோ திரும்பினார். “என்னம்மா சொன்ன?”

அவ்வளவு உரக்க நான் அதுவரை பேசியதில்லை. சாலைவரை கேட்டிருக்கும்.

“லாஸ்டருக்கு நூத்தி நாப்பத்தெட்டு. க்ரீருக்கு அம்பத்திரெண்டு. முப்பத்தொண்ணு வெத்து. அந்தக் கோடு நான் போட்டதில்ல. எண்ணுறதுக்கு முன்னாடியே மூணு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. இது மூணாவது.”

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். அட்டையிலிருந்து மாவு உதிர்ந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்க முடியாமல் முழு நோட்டையும் கொடுத்துவிட்டேன். கிம்ப்ரோ நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் அவர் உதடு அசைந்தது. கழுதையின் பெயராக இருக்கும்.

“இத நாளைக்குக் கமிட்டி முன்னாடி வந்து சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“இப்பவே என்கூடக் கெளம்பி வா. இங்க இருக்காத. மிஸ்டர் ஸ்பைவி, நீங்களும் வாங்க. கார்ல இடமிருக்கு.”

அப்பா அதற்குள் எழுந்துவிட்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். இடுப்பிலிருந்த கோர்ட்டுச் சாவிக் கொத்தைக் கழற்றி நாற்காலிமேல் வைத்தார். என் முகத்தை ஒரு தடவை, கவனமாக, கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

பிறகு படியிறங்கி, கிம்ப்ரோவின் காரைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மரத்தடிக்கு நடந்தார். ராய்ஸ் இறங்கவில்லை. உள்ளேயிருந்தபடியே கையை நீட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். அப்பா குனிந்து ஏறி, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, கதவைத் தானே சாத்தினார். கார் ஆற்றுப் பக்கமாகத் திரும்பியது.